யாம் பிடித்த முயல்

எம்மை ஆளாக்கிய இந்துக் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் விடுத்த மடல் ஹாலிஎலயில் எம் கைக்குக் கிட்டியபோது, எப்பொருள் பற்றி எழுதுவதென இரண்டு கிழமை தயங்கினோம். கல்லூரியின் வரலாற்றை எழுதவல்லார் பலருளர். விளையாட்டரங்கிலே அது பெற்ற வெற்றிகளைக் கூறவல்லாரும் உளர். மலைநாட்டின் ஒரு மூலையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சிறாருக்குத் தமிழ் கற்பித்துவரும் பயிற்றப்பட்ட ஆசிரியராகிய எம்மிடம் அத்தகைய பெரும்பொருள் யாதுமில்லை. ஆயினும், ஒரு முயலும் ஒரு சிறுமியும் எமக்குக் கற்பித்த பாடமொன்று உண்டு. அதனை ஒளியாது உரைப்பின் இளைய மாணவருக்கும் எம்மையொத்த ஆசிரியருக்கும் ஓரளவு பயன்படுமெனத் துணிந்து எழுதலாயினோம்.

ஹாலிஎல என்பது பதுளையிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் வீதியில் அமைந்த சிற்றூர். 1924 ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையிலே, பதுளைக்கு முந்திய நிலையம் இதுவே. ஊரைச் சூழத் தேயிலைத் தோட்டங்களும், இடையிடையே பத்தனைப் புல்வெளிகளும், பள்ளத்தே பதுளு ஓயாவும் உள. தென்மேல் பருவக்காற்று நாட்டின் மேற்குச் சரிவுகளில் மழை பொழியும் மாதங்களில் ஊவாவிலே வறண்ட காற்றே வீசும். எமக்கு மழை தருவது வடகீழ்ப் பருவம். ஐப்பசி தொடங்கித் தை வரையில் மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும். அக்காலத்து இரவின் குளிர் எத்தகையதென்பதை இக்கட்டுரையைப் படிப்போர் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏனெனில் எமது தவற்றின் விலையை அக்குளிரே வாங்கிற்று.

2021 ஆம் ஆண்டு பெருந்தொற்றினாற் பாடசாலைகள் நெடுநாள் மூடப்பட்டிருந்தன. கைப்பேசி வழியே பாடம் நடத்துக என்றனர். லயன் அறைகளில் வாழும் பிள்ளைகளுட் பலருக்குக் கைப்பேசி ஏது? இருந்தார்க்கும் மலைச்சரிவிலே அலைவரிசை ஏது? ஆதலின் அண்மைத் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர் ஐவர், முகக்கவசம் அணிந்து, எம் வீட்டு விறாந்தையில் எட்ட எட்ட அமர்ந்து தமிழும் கணிதமும் படித்துச் செல்வாராயினர். அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். தந்தையார் தோட்ட வேலை முடிந்தபின் ஆடு வளர்ப்பவர். அதிகம் பேசாதவளாயினும், பேசினாற் பொருளோடு பேசுபவள்.

அவ்வாண்டின் நடுவில் நண்பரொருவர் எம் மகனுக்கெனச் சிறு முயல்கள் இரண்டைக் கூடையிலிட்டுக் கொணர்ந்தார். ஒன்று கபில நிறம், மற்றொன்று வெள்ளை. “இரண்டும் கடுவன்கள், பெருகித் தொல்லை தரா” என்றார். யாம் அதனை ஆராயாது ஏற்றோம். இளம் முயல்களை ஆண் பெண் எனப் பிரித்தறிதல் பழகியவர்க்கே அரிதென்பது அன்று எமக்குத் தெரியாது. இரண்டும் இணைபிரியாது திரிந்தமையால், நட்பிற் சிறந்த சங்கப் புலவர் இருவரின் பெயரைச் சூட்டினோம். கபில நிறத்ததற்குக் கபிலன் என்றும், வெள்ளைக்குப் பரணன் என்றும் பெயர் வழங்கலாயிற்று. கம்பிவலை அடித்த மரக்கூடொன்று செய்வித்து, விறாந்தையின் ஓரத்தே நிலத்தினின்றும் இரண்டடி உயர்த்தி நிறுத்தினோம். கூட்டின் தரையும் கம்பிவலையே. எச்சம் கீழே விழுந்து கூடு தூய்மையாக இருக்குமென்பது எமது கணக்கு.

கார்த்திகை பிறப்பதற்கு இரண்டொரு நாள் முன்பு, பாடம் முடிந்து பிள்ளைகள் எழுந்தபோது, அச்சிறுமி கூட்டின் முன் நெடுநேரம் நின்றாள். பின்பு எம்மிடம் வந்து, “சார், இந்த மொசல் செனையா இருக்குங்க. குட்டி போடப் போகுது” என்றாள்.

யாம் சிரித்தோம். பின்னர் ஆசிரியர்க்குரிய குரலிலே, “மொசல் என்னாதே பிள்ளை, முயல் என்று சொல். குட்டி என்பதும் தவறு. முயலின் இளமைக்குத் தொல்காப்பியர் வகுத்த பெயர் குருளை. இன்னும், அது ஆண் முயல். ஆண் எவ்வாறு ஈனும்?” என்றோம். ஏனைய பிள்ளைகளும் சிரித்தனர். அவள் ஒன்றும் மறுத்துரைத்திலள். புத்தகத்தை மார்போடணைத்துக்கொண்டு மழைத்தூறலில் இறங்கிச் சென்றாள்.

மறுநாட் காலை கபிலன் வைக்கோலை வாய்நிறையக் கவ்விக் கூட்டின் மூலைக்குக் கொண்டுசென்று குவிப்பதைக் கண்டோம். கூட்டைக் குப்பையாக்குகின்றதென எண்ணி, அவ்வைக்கோலை முழுவதும் வாரி வெளியே எறிந்தோம். அன்று மாலை அது தன் மார்பிலும் வயிற்றிலுமுள்ள மயிரை வாயாற் பிடுங்கத் தொடங்கிற்று. சொறிநோய் பிடித்ததென முடிவுகட்டி வேப்பெண்ணெய் தடவினோம். உணவிற் பாதியை உண்ணாது விட்டது. வயிற்றுக்கோளாறு என்றோம். பரணன் அருகே சென்றபோதெல்லாம் உறுமித் துரத்தியது. நண்பர்க்குள் ஊடல் என்று மனையாளிடம் நகையாடினோம். குறிகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாய் எம் கண்முன்னே வந்து நின்றன. “இது ஆண்” என்னும் ஒரு சொல்லை மனத்தில் எழுதிவைத்திருந்தமையால் ஒவ்வொன்றுக்கும் வேறொரு பொருள் கற்பித்தோம். தாம் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார் என்னும் முதுமொழியைப் பன்முறை கரும்பலகையில் எழுதிப் பொருள் விரித்த எமக்கு, எம் கூட்டு முயலே அதற்கு எடுத்துக்காட்டாகுமெனத் தோன்றவில்லை.

நவம்பர் மாதம் 17 ஆந் திகதி விடியற்காலை, இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்தது. கூட்டைத் திறக்கச் சென்ற மகன் அலறினான். கம்பித் தரையின்மீது மயிரற்ற, கண் திறவாத சிறு உயிர்கள் மூன்று விறைத்துக் கிடந்தன. வலைக்கண் வழியே நழுவிய இரண்டு கீழே நனைந்த மண்ணில் கிடந்தன. ஐந்தும் இறந்திருந்தன. தாய் வெறுங் கம்பிமீது ஒடுங்கி அமர்ந்திருந்தது. அது குவித்த வைக்கோலை எறிந்தவர் யாம். மென்மயிரிலே எண்ணெய் தடவி அதனைப் பயனற்றதாக்கியவரும் யாமே.

அன்று பாடத்துக்கு வந்த சிறுமி வெறுங்கூட்டையும், கொல்லையிலே புதிதாய் மூடிய மண்ணையும், எம் முகத்தையும் பார்த்தாள். “யான் அன்றே சொன்னேனே” என்று அவள் சொல்லியிருப்பின் எம் உள்ளம் சிறிது ஆறியிருக்கும். அவள் சொல்லவில்லை. அன்று மட்டுமன்று, அதன்பின் வந்த நாட்களிலும் கேட்ட கேள்விக்குத் தலையசைத்தாளேயன்றி வாய்திறந்திலள். மற்றொரு பிள்ளை தவறான விடை கூறியபோது சரியான விடையை அறிந்தும் வாளா இருந்தாள். குட்டிகள் ஐந்து இறந்தது ஓரிழப்பு. தான் அறிந்ததைச் சொல்லுதலால் நகைப்பே கிட்டுமென ஒரு குழந்தை எம்மிடம் கற்றுக்கொண்டது அதனினும் பேரிழப்பு. கொட்டகலை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலே குழந்தை உளவியல் படித்துச் சான்றிதழ் பெற்ற யாம், அதனை உணர ஐந்து குட்டிகளைப் புதைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் இரண்டு முயல்களையும் கூடையிலேற்றி அரச கால்நடை வைத்தியரிடம் சென்றோம். அவர் கபிலனை மல்லாத்திப் பிடித்து, உறுப்பிடத்தை விரலால் மெல்ல அழுத்திக் காட்டினார். ஆணாயின் வட்டமாய்ச் சிறு குழல்போல் வெளித்தோன்றும் என்றும், பெண்ணாயின் நீண்ட பிளவாய்க் காணும் என்றும் விளக்கினார். கபிலன் பெண், பரணன் ஆண். “முயலுக்கு மற்றைய விலங்குகளைப் போலப் பருவநாட் கணக்கு இல்லை. ஆணோடு சேர்ந்த பின்னரே கருமுட்டை வெளிப்படும். ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் சூல்கொள்ளவும் வல்லது. இரண்டும் ஒரே கூட்டில் இருந்தமையால், ஈன்ற நாளிலேயே மறுபடியும் சினையாகியிருக்கலாம். இன்றே பிரித்துவையுங்கள். நாளை எண்ணுங்கள். முப்பத்தொன்றாம் நாளளவில் ஈனும்” என்றார்.

வீடு திரும்பியதும் பரணனுக்கு வேறு கூடு அமைத்தோம். அன்று மாலை பிள்ளைகள் வந்தபோது, பாடத்தைத் தொடங்குமுன் எழுந்து நின்றோம். “முயலைப் பற்றி இப்பிள்ளை சொன்னது முற்றும் சரி. யாம் சொன்னது பிழை. எம் பிழையால் ஐந்து உயிர்கள் போயின” என்றோம். ஆசிரியர் எழுந்து நின்று பிழை ஒப்புவதைப் பிள்ளைகள் முன்பு கண்டதில்லை போலும். ஒருவரும் சிரிக்கவில்லை. அதன்பின் அவளை நோக்கி, “இம்முறை நாட்கணக்கு வைக்கும் பொறுப்பு உன்னுடையது. எவ்வாறு வைப்பாய்?” எனக் கேட்டோம். சிறிது நேரம் கழித்து, தாழ்ந்த குரலில், “செக்ரோல் போடலாங்க சார்” என்றாள்.

தோட்டத்தை அறியாத அன்பர்க்கு இதனை விளக்கல் வேண்டும். தொழிலாளர் வேலைக்கு வந்த நாட்களைக் குறிக்கும் பதிவேடே செக்ரோல். ஒருநாள் வேலையை ஒரு பேர் என்பர். பாதி நாள் அரைப்பேர். அப்பியாசக் கொப்பியொன்றின் தாளிலே அவள் கட்டங்கள் வரைந்து, தலைப்பில் “கபிலை” என எழுதினாள். கபிலன் பெண்ணானபின் பெயரின் ஈறும் பெண்பாலாதல் வேண்டுமன்றோ! கபிலை என்பது கபில நிறப் பசுவுக்கும் பெயராதலை யாம் சொல்லாமலே அவள் பெயரிட்டது கண்டு மகிழ்ந்தோம். நாளொன்றுக்கு ஒரு பேர் விழலாயிற்று.

சினையை அறியும் வழிகளை இவ்விடத்துத் தொகுத்துரைத்தல், செல்லப்பிராணி வளர்க்கும் மாணவர்க்கு உதவும். முதலிரு கிழமைகளில் வெளித்தோற்றத்தில் மாற்றம் யாதும் புலப்படாது. பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில், பழகிய கை வயிற்றை மெல்லத் தடவிக் கோலிக்குண்டு போன்ற சிறு உருண்டைகளை உணரும். பழகாத கை அழுத்தினாற் கருவுக்கு ஊறுநேரும். ஆதலின் அதனை வைத்தியரே செய்தல் வேண்டும். பன்னிரண்டாம் பேர் விழுந்த நாளிலே எம் வைத்தியர் தடவிப் பார்த்துச் சினை உறுதி என்றார். இறுதிக் கிழமையில் வயிறு பக்கங்களிற் பருக்கும். எடை கூடும். தொடுவதை விரும்பாது விலகும். ஈனுதற்குச் சில நாள் அல்லது சில மணி நேரம் முன்பு வைக்கோல் கவ்விச் சேர்ப்பதும், மார்பு மயிரைப் பிடுங்கிப் படுக்கை செய்வதும் நிகழும். மயிர் பிடுங்குதல் நோயன்று. குஞ்சு உயிர்களுக்கு வெப்பம் தருவதோடு பால்காம்புகளையும் வெளிப்படுத்தும் இயற்கை ஏற்பாடு அது. பொய்ச்சினை என ஒன்றும் உண்டு. கருவில்லாமலே பதினாறு பதினெட்டாம் நாளளவிற் கூடு கட்டிப் பின் ஓய்ந்துவிடும். எனவே நாட்கணக்கே பெருந்துணை.

உணவிலே திடீர் மாற்றம் ஆகாதென்றார் வைத்தியர். புல்லே முதன்மை. பத்தனைச் சரிவில் அரிந்து நிழலில் உலர்த்திய புல் எப்போதும் கூட்டில் இருக்கச் செய்தோம். முயற்றீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். வல்லாரையும் கரட் இலையும் அளவோடு கொடுத்தோம். உருளைக்கிழங்கு இலை, தக்காளி இலை, வெங்காயம், பட்டர்புரூட் எனப்படும் ஆனைக்கொய்யா மரத்து இலை ஆகியன முயலுக்கு நஞ்சாவன. எம்மூர்த் தோட்டங்களில் இவை மலிந்து கிடத்தலின் பிள்ளைகளுக்கு நன்கு எச்சரித்தோம். தண்ணீர் ஒருபோதும் வற்றலாகாது. நீர் வேட்கையும் அச்சமும் மிக்க தாய், ஈன்றவற்றையே கடித்துவிடுதலும் உண்டு. நாய் குரைத்தலும் பட்டாசும் கூட்டினருகே ஆகா.

கம்பித் தரையின்மேற் பலகை பரப்பினோம். ஈனும் பெட்டி வேண்டும். முன்னாளிலே தேயிலை ஏற்றப் பயன்பட்ட பலகைப்பெட்டி ஒன்று எம் மாமனார் வீட்டுப் பரணிற் கிடந்தது. உட்புறத்து உலோகத்தாளையும் துருப்பிடித்த ஆணிகளையும் அகற்றி, ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமாக வெட்டி, தாய் ஏறிப்புக ஒரு பக்கத்தைத் தாழ்த்தினோம். நீர் வடியச் சிறு துளைகளும் இட்டோம். அடியில் மரச்சீவலும், மேலே உலர்ந்த மென்புல்லும் பரப்பினோம். எம் மனையாள் பஞ்சு வைக்கலாமே என்றபோது, அச்சிறுமி, “நூல் கால்ல சுத்திக்கும்” என்று தடுத்தாள். அவளுடைய தந்தையின் ஆட்டுக்குட்டிக்கு அவ்வாறு நேர்ந்ததாம். வைத்தியரும் அதனையே பின்னர்ச் சொன்னார். இருபத்தெட்டாம் பேரன்று பெட்டியைக் கூட்டினுள் வைத்தோம். மிக முந்தி வைப்பின் அதனை மலசலகூடமாக்கிக் கொள்ளுமாம். பிந்தி வைப்பின் நேர்வதை யாம் முன்னரே கண்டிருந்தோம்.

முப்பதாம் பேரன்று மாலை கபிலை புல்லைக் கவ்வத் தொடங்கிற்று. இம்முறை கவ்விய புல்லை ஒருவரும் தொடவில்லை. அது கவ்வக் கவ்வ அச்சிறுமி மேலும் புல் இட்டாள். இருட்டும்வரை நின்று, தாய் வந்து அழைத்தபின்னரே வீடு சென்றாள். அவ்விரவு யாம் துயின்றிலோம். மழையோடு கலந்த மார்கழிக் குளிர். சாக்குத் திரைகளைக் கூட்டின் மூன்று புறமும் தொங்கவிட்டு, காற்றோட்டத்துக்கு ஒரு புறத்தைத் திறந்து விட்டிருந்தோம். விளக்கேந்திப் பார்க்க வேண்டுமென்ற ஆசையை அடக்குதல் அரிதாயிற்று. முயல் பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ ஈனும். அரைமணி அளவில் முடித்துவிடும். அப்போது அதற்கு வேண்டியது தனிமையே.

டிசம்பர் 18 ஆந் திகதி காலை, அவள் வந்தபின்னரே பெட்டியைப் பார்த்தோம். மேலெல்லாம் கபில நிற மென்மயிர்ப் போர்வை. அப்போர்வை தானே அசைந்தது! கபிலைக்கு ஒரு பிடி வல்லாரை கொடுத்து அதன் கவனத்தைத் திருப்பி, கைகளைக் கழுவி அதன் படுக்கைப் புல்லிலே தேய்த்தபின், மயிரை மெல்ல விலக்கி எண்ணினோம். ஏழு. ஒன்று இறந்திருந்தது. அதனை உடனே அகற்றினோம். ஆறு உயிரோடிருந்தன. மனிதக் கை பட்டாற் தாய் ஒதுக்கிவிடுமென்பது பொதுவான அச்சம். கைக்குப் பழகிய முயல் பெரும்பாலும் அவ்வாறு செய்யாது. நாளுக்கொருமுறை விரைந்து பார்த்து, இறந்தவற்றை அகற்றுதல் கடமையே என்று வைத்தியர் கூறியிருந்தார்.

அதன்பின் மற்றோர் அச்சம் எம்மைப் பற்றியது. பகலெல்லாம் தாய் பெட்டிப்பக்கம் செல்லவேயில்லை. “பெற்றும் பேணாத தாய்” என மனையாள் வருந்தினார். உண்மை வேறு. முயல்தாய் நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறையே, அதுவும் சில நிமிடங்களே பாலூட்டும். எஞ்சிய நேரம் விலகியிருத்தல் பகைவிலங்கின் கண்ணிற் குஞ்சுகள் படாமைக்காம். குட்டியின் வயிறு உருண்டு பருத்திருப்பின் பால் கிட்டிற்றென்று பொருள். சுருங்கித் தோல் மடிந்திருப்பின் இல்லை என்று பொருள். ஆறு வயிறுகளும் உருண்டிருந்தன.

நான்காம் நாட் காலை, பெட்டிக்கு வெளியே பலகைமீது ஒரு குட்டி கிடந்தது. பால் குடித்தவாறு காம்பிலே தொங்கி, தாய் வெளியே குதித்தபோது உடன் இழுபட்டு வந்திருக்கும். பூனையும் நாயும் தம் குட்டியைக் கவ்வி மீட்பதுபோல முயல் மீட்பதில்லை. கையிலெடுத்தோம். ஆற்றுக்கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. “போயிற்று” என்றோம். அச்சிறுமி ஒன்றும் சொல்லாது எம் கையினின்றும் அதனை வாங்கினாள். இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே பொதிந்து, தன் கம்பளிச் சட்டையினுள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு படியில் அமர்ந்தாள். யாம் பாடம் நடத்தினோம். அவள் எழுதவில்லை, யாமும் எழுதச் சொல்லவில்லை. ஏறத்தாழ அரைமணி கழிந்தபின், “சார், உதைக்குது!” என்று கூவினாள். நவம்பர் முதல் எம்மிடம் அவள் உரத்துச் சொன்ன முதற்சொல் அதுவே. குளிர்ந்த குட்டியை நெருப்பருகே வாட்டாது, மெல்ல உடல்வெப்பத்தால் மீட்டு, பின்பு கூட்டிலிட வேண்டுமென்பதை அவள் எந்நூலிலும் படித்தவளல்லள்.

பத்துப் பன்னிரண்டாம் நாளிற் கண் திறந்தன. மூன்றாம் கிழமையிற் பெட்டியை விட்டுத் துள்ளி வெளிவந்தன. பாலூட்டும் தாய்க்கு உணவையும் நீரையும் ஏறத்தாழ இருமடங்காக்கினோம். எட்டாம் கிழமையளவிற் பிரித்து, ஆண் பெண் எது என வைத்தியரைக்கொண்டே அறிந்து, ஆணும் பெண்ணும் கலவாமல், தக்க வீடுகளுக்குக் கொடுத்தோம். சட்டையினுள் உயிர்பெற்ற குட்டி அவளிடமே சென்றது. கபிலையும் பரணனும் அன்று தொட்டு வெவ்வேறு கூடுகளிலேயே உள. அடுத்தடுத்துச் சூல்கொள்ளுதல் தாயின் உடலை உருக்குமாதலின், அதற்கு ஓய்வு வேண்டுமென்பது எமது துணிபு.

இச்செய்தியைக் கனடாவிலே ரொறன்ரோ நகரில் வாழும் எம் கல்லூரித் தோழர் ஒருவர்க்குத் தொலைபேசியிற் சொன்னபோது அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் மகள் ‘ஜெர்பில்’ எனும் சிறு பிராணிகள் இரண்டை வளர்த்தாளாம். மங்கோலியாவிலும் வடசீனத்திலும் உள்ள வறண்ட நிலங்களுக்குரிய எலியினம் அது. 1954 ஆம் ஆண்டில் யப்பானிலிருந்து ஆய்வுக்கென அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் வீட்டுச் செல்லமாயிற்று. கடைக்காரர் இரண்டும் பெண் என்றாராம். ஒருநாட் காலை குட்டிகள்! அதன் சினைக்காலம் 24 முதல் 26 நாள். கடைசிக் கிழமையிலேதான் வயிறு தெரியும். கடதாசியைக் கிழித்துக் கிழித்துக் கூடு கட்டும். அவ்வினத்திலே தந்தை கொடியனல்லன். குட்டிகளை அணைத்து வெப்பமூட்டித் தாய்க்குத் துணைநிற்பான். ஆயினும் ஈன்றவுடனே தாய் மீண்டும் சூல்கொள்ளும். பாலூட்டுங்காலத்து அச்சூல் வளர்ச்சி பிந்தி, அடுத்த ஈற்று நீளும். நாடு வேறு, பிராணி வேறாயினும், பிறர் சொன்னதை ஆராயாது நம்பிய மடமை ஒன்றே என இருவரும் ஒப்பினோம்.

இனி, தமிழாசிரியராகிய எமக்கு எஞ்சிநின்ற கணக்கொன்று உண்டு. எம் கல்லூரியிலே தமிழ் கற்பித்த பண்டிதர் ஐயா தொல்காப்பிய மரபியலில் வரும் இளமைப் பெயர்கள் ஒன்பதையும் எம்மை நெட்டுருச் செய்வித்தவர். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் அவை இன்றும் எம் நாவில் உள. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமையும் குருளை எனப்படும் என்ற விதியைக்கொண்டே அச்சிறுமியைத் திருத்தினோம். குட்டிகள் கண்திறந்த நாளன்று ஏனோ அந்நூலை மீண்டும் எடுத்து விரித்தோம். அவ்விதியை அடுத்து நரிக்கும் அப்பெயர் உரித்தென்கிறார். அதற்கும் அடுத்த நூற்பாவிலே, அவ்விலங்குகளின் இளமையைக் குட்டி என்றும் பறழ் என்றும் கூறுதல் விலக்கப்படாது என ஆசிரியர் தெளிவாகவே ஓதியிருந்தார். இரண்டு நூற்பா தள்ளிப் படிக்கும் பொறுமை எமக்கு இல்லாது போயிற்று. சினை என்பதோ விலங்கின் சூலுக்கு உரிய நற்றமிழ்ச் சொல். அவள் நாவிலே அது செனை எனத் திரிந்தது. உயரம் ஒசரமாவது போல முயல் மொசலாவதும் யகரம் சகரமாகத் திரியும் பேச்சுவழக்கே. ஆக, பொருளிலும் அவளே சரி, இலக்கணத்திலும் அவள் பிழைத்திலள்.

அந்நூற்பாவை மறுநாள் விறாந்தையிலே படித்துக் காட்டினோம். அவள் முகத்தில் நெடுநாளைக்குப்பின் சிரிப்பு மலர்ந்தது. “அப்போ குட்டின்னும் சொல்லலாம், குருளைன்னும் சொல்லலாங்களா சார்?” என்று கேட்டாள். “சொல்லலாம்” என்றோம். செக்ரோலின் அடியிலே, “குருளை 6” என அவள் எழுதினாள். அதன் கீழே யாம், “குட்டி ஆறு. சரி” என எழுதிக் கையொப்பமிட்டோம். அத்தாள் இன்றும் எம் மேசையிற் கண்ணாடியின் கீழ் உளது.

பண்டிதர் ஐயா நெட்டுருச் செய்வித்தபின் ஒன்று சொல்வது வழக்கம்: “பெயர் அறிந்தவனெல்லாம் பொருள் அறிந்தவன் ஆகான், போய்ப் பார்த்து வா.” பெயரை மட்டும் பற்றிக்கொண்டு, போய்ப் பார்க்குமாறு அவர் சொன்னதை விட்டுவிட்டோம். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் சிலர், யாம் காணாதவற்றைக் கண்டுவந்தவர்கள். ஆட்டுப்பட்டியிலும் கொழுந்து மலையிலும் கற்றவற்றைத் தம் சொல்லிலேயே சொல்வர். அச்சொல்லைத் திருத்துமுன் அதன் பொருளைக் கேட்டல் ஆசிரியர் கடன். அச்சிறுமி இன்று உயர் வகுப்பொன்றிற் பயில்கின்றாள். ஐயமுண்டாயின் எழுந்து நின்று கேட்கின்றாள். சிலபோது எம்மையும் மறுக்கின்றாள். யாம் பிடித்த முயலுக்கு நான்கு காலே என்பதை அவளிருக்கும்வரை மறவோம்.

எம்மைப் போய்ப் பார்க்கப் பணித்த எம் கல்லூரி நீடு வாழ்க.